மதரை மாற்றுவது சம்பந்தமாக

செங்கல்பட்டு,
தீபாவளிக்கு அடுத்த வாரம்.

மதுராந்தகம் நெல் மண்டி சம்பந்தி அவர்கள் சமூகத்துக்கு, செங்கல்பட்டு நரசிம்மன் கைகூப்பி எழுதிக்கொண்டது.

இவ்விடம் நான் நலம். மற்றவர்கள் நலமா என்பதைக் கடிதம் முழுவதையும் படித்துவிட்டுத் தாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். அவ்விடம் தாங்களும், சம்பந்தியம்மாள் சாரதாம்பாள் அவர்களும், மாப்பிள்ளை விஷாலும், எங்கள் ரோகிணியும் நலமாயிருக்க உங்கள் ஊர் ஏரி காத்த ராமர் துணையிருக்கட்டும். ஏரியையே காத்தவர், நம் இரண்டு குடும்பங்களைக் காக்க மாட்டாரா?

ரயிலில் ஏறிக் கண்ணயர்வதற்குள் வந்துவிடுகிற ஊருக்கு, அதுவும் எல்லோர் கையிலும் போன் இருக்கிற காலத்தில், கடிதம் எதற்கு என்று தாங்கள் யோசிக்கலாம். போனில் பேசித்தான் சம்பந்தி இவ்வளவும் ஆயிற்று. இனி நான் எழுத்தைத்தான் நம்புகிறேன். வருகிற வியாழக்கிழமை கூடுவாஞ்சேரியில் நம் பிள்ளைகள் வாங்கியிருக்கும் ஃப்ளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். பால் காய்ச்சும்போது இரண்டு அம்மாக்களும் அடுப்புக்கு முன்னால் நிற்க வேண்டும். என் மனைவி ஞானம்பாள் வரமாட்டேன் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கள் வீட்டம்மாவும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாக ரோகிணி போனில் அழுதாள். அம்மாக்கள் இல்லாமல் தாங்களும் நானும் மட்டும் நின்று பால் காய்ச்சினால் அதற்குப் பெயர் கிரகப்பிரவேசம் இல்லை, டீக்கடை.

ஆனால் கவலையே வேண்டாம். கோளாறு எங்கே என்று பிடித்துவிட்டேன். கல்பாக்கத்தில் கருவிப் பிரிவில் ஆயுளைக் கழித்தவன் நான். எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. அதை மறந்துவிடாமல் இருப்பதற்காக இப்போது பென்ஷன் கொடுக்கிறது. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். இதைச் சம்பந்தியம்மாளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினால் போதும், வியாழக்கிழமை அவர்கள் முதல் ஆளாகக் கிளம்பி நிற்பார்கள். நான் பொறுப்பு.

தலை தீபாவளிக்கு மாமனார்தான் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டும். போட்டேன். மாப்பிள்ளை எனக்குப் பதிலுக்கு ஏதாவது வாங்கி வர வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை, ஆனாலும் வாங்கி வந்திருந்தார். தங்கமான பிள்ளை, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. என் கம்ப்யூட்டரைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள், நிச்சயதார்த்தத்தன்று இடமில்லாமல் அதன் தலையில்தான் வெற்றிலைத் தட்டை வைத்தோம். ரிச்சி தெருவில் பாகம் பாகமாகப் பொறுக்கி நானே கோத்தது. சொன்ன வேலையைச் செய்யும். எழுந்திருக்க மட்டும் கொஞ்சம் சோம்பல்படும். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பல் தேய்த்து, காபி குடித்து, பேப்பரில் ராசிபலன் வரைக்கும் பார்த்துவிட்டு வந்தால் அது கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருக்கும். எனக்கு அது பழகிவிட்டது, அதற்கும் நான் பழகிவிட்டேன். மாப்பிள்ளைக்குத்தான் மனசு கேட்கவில்லை. "மாமா, இது எழுந்திருக்கறதுக்குள்ள நீங்க இன்னொரு தூக்கம் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து சுவிங்கம் நீளத்துக்கு ஒரு தகட்டை எடுத்துக் கொடுத்தார். பழைய டிஸ்குக்குப் பதிலாகப் போடுகிற புது மாதிரி எஸ்எஸ்டியாம். அதிலும் என்விஎம்இ என்ற ஜாதி, இருப்பதிலேயே வேகமானது. சுற்றுகிற தட்டு கிடையாது, கர்ரென்ற சத்தம் கிடையாது. இதைப் போட்டால் கண்ணை மூடித் திறப்பதற்குள் கம்ப்யூட்டர் எழுந்து நிற்கும் என்றார்.

இங்கேதான் என் மனைவி உள்ளே வருகிறாள். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த புதுப் பொருள் எதுவானாலும் சாமி முன்னால் வைத்து, ஓரத்தில் மஞ்சள் தடவிவிட்டுத்தான் அவள் கையிலிருந்து வெளியே வரும். மாப்பிள்ளையின் வேட்டிக்குத் தடவினாள், ரோகிணியின் புடவைக்குத் தடவினாள், என் சட்டைக் காலரில் தடவினாள், அதே கையோடு அந்தத் தகட்டுக்கும் தடவிவிட்டாள். தகட்டுக்கு ஓரம் என்று இருப்பது ஒரே ஓரம்தான். தங்க நிறத்தில் பல் பல்லாக இருக்கிற, போர்டில் செருகுகிற ஓரம். "ஏற்கெனவே மஞ்சளாத்தானே இருந்துது, அதான் அங்கயே வச்சேன்" என்பது அவள் கட்சி. மாப்பிள்ளை காது குடையும் பஞ்சுக் குச்சியை வாங்கி ஒவ்வொரு பல்லாகத் துடைத்தார். வேறு மாப்பிள்ளையாக இருந்தால் முகம் ஒரு முழம் நீண்டிருக்கும். தங்கள் வளர்ப்பு அப்படி.

எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, லேகியம் விழுங்கிவிட்டு மேசைக்கு அடியில் போனவர்தான், பகல் சாப்பாடு வரைக்கும் வெளியே வரவில்லை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் செங்கம்மாள் பண்டிகைக் காசு வாங்க வந்தவள், மேசைக்கு வெளியே தெரிந்த இரண்டு பாதங்களைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, புது மாப்ள கீய பூந்துகினு கீறாரு, மோதிரம் எதுனா வுயுந்துடுச்சா?" என்று கேட்டாள். ரோகிணி "இவருக்கும் கம்ப்யூட்டருக்கும்தான் தலை தீபாவளி, நான் சும்மா துணைக்கு வந்தவ" என்று சொல்லிவிட்டு மாடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் மட்டும் டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எங்கள் போர்டில் இந்தத் தகட்டைச் செருக இடம் கிடையாது என்பது மாப்பிள்ளைக்கு முன்பே தெரிந்திருந்தது, அதற்கென்று ஒரு கார்டும் வாங்கி வந்திருந்தார். பழைய டிஸ்கைக் கழற்றினோம், கார்டை மாட்டினோம், விண்டோஸை ஏற்றினோம். விறுவிறுவென்று ஏறியது. அணைத்துவிட்டு மறுபடி போட்டோம். கறுப்புத் திரை. 'எழுப்புவதற்கு டிஸ்கு எதுவும் இல்லை' என்று இங்கிலீஷில் ஒரு வரி. மறுபடி போட்டோம். மறுபடியும் அதே வரி. ஞானம்பாள் வாசற்படியில் நின்று, "மஞ்சளாலயா?" என்று கேட்டாள். "சேச்சே, மஞ்சள் இல்ல அத்தை" என்றார் மாப்பிள்ளை. அவள் நம்பவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் விஞ்ஞானம் சொல்லித்தான் ஆக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்குள்ளே மதர்போர்டு என்று ஒரு பெரிய பலகை உண்டு. மற்றதெல்லாம் அதன் மடியில்தான் உட்கார்ந்திருக்கும். அந்தப் போர்டில் ஒரு சின்னச் சில்லுக்குள் ஃபர்ம்வேர் என்று ஒன்றை எழுதி வைத்திருப்பார்கள். சுவிட்சைப் போட்டதும் முதலில் கண் விழிக்கிறது அதுதான். விண்டோஸ் எந்த டிஸ்கில் படுத்திருக்கிறது என்று தேடிப்போய் எழுப்பிவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்ளும். இதற்குத்தான் பூட் ஆவது என்று பெயர். நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். புது மாப்பிள்ளை வருகிறார் என்று உள்ளே இலை போட்டுக் காத்திருப்போம், கேட்டில் நிற்கிற காவலருக்கு அவர் முகம் தெரியாது, விடமாட்டார். என் போர்டின் ஃபர்ம்வேர் அந்தக் காவலர். அதை எழுதிய காலத்தில் என்விஎம்இ எல்லாம் வீடுகளுக்கு வரவில்லை. விண்டோஸ் எழுந்துவிட்டால் அதற்குப் புது டிஸ்கு நன்றாகத் தெரியும். எழுப்ப வேண்டிய ஆளுக்குத்தான் தெரியாது. போர்டு செய்த கம்பெனி அப்டேட் விட்டால் இந்த ஆளுக்குப் புத்தி வரும், என் போர்டுக்கு விடுவதை அவர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். இப்படி, புதுச் சாமானைப் பழைய போர்டு கண்டுகொள்ளாமல் இருப்பதைக் கம்ப்யூட்டர்க்காரர்கள் 'சப்போர்ட் இல்லை' என்று சொல்லுவார்கள். மதர்போர்டைச் சுருக்கமாக 'மதர்' என்பார்கள். இந்த இரண்டு வார்த்தைகள்தான் சம்பந்தி நம் குடும்பத்துக்குள் புகுந்து விளையாடிவிட்டன.

சாயங்காலம் மாப்பிள்ளை மொட்டை மாடிப் படியில் நின்று அபிஷேக் என்ற நண்பரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். இவர்கூட வேலை பார்க்கிற கம்ப்யூட்டர்ப் பையன் என்று நினைக்கிறேன். காய்ந்த துணி எடுக்கப் போன ஞானம்பாள் காதில் இவ்வளவும் விழுந்திருக்கிறது: "மதர்தான்டா பிரச்சினை. பழைய மாடல்டா. புதுசா எதையும் ஏத்துக்கவே மாட்டேங்குது. சுத்தமா சப்போர்ட் இல்ல."

அவள் துணியை எடுக்காமலே இறங்கி வந்துவிட்டாள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் தொடங்கியது வினை. புதுசு எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டாள் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டாரல்லவா, தீபாவளி அன்றைக்கு அவளே சொல்லி எங்கள் வீட்டில் போனில் ஆர்டர் செய்து பீட்சா வந்தது. அவளுக்கு அதைப் பார்த்தாலே ஆகாது. ஒரு துண்டை எடுத்து, மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டே, மாத்திரை விழுங்குவது மாதிரி விழுங்கினாள். மாப்பிள்ளை கொஞ்சம் புழுக்கமாக இருக்கிறது என்றார். "சப்போர்ட் பண்றேன்" என்றாள். நாளைக்கு மழை வரும்போல இருக்கிறது என்றார். "அதையும் சப்போர்ட் பண்றேன்" என்றாள். நான் இவளுக்கு இங்கிலீஷ் ஆர்வம் வந்துவிட்டதென்று உள்ளூரச் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலையில் காபியும் அதிரசமும் கொண்டுவந்து வைத்துவிட்டு மேசைக்கு எதிரில் உட்கார்ந்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன், அதனால் ஒரு வார்த்தை பிசகாமல் எழுத முடிகிறது.

"மாப்பிள்ளை, மனசுல வச்சுக்காதீங்க. மதர்தானே பிரச்சினை?"

"கரெக்டா புடிச்சீங்க அத்தை! மாமாவே நம்ப மாட்டேன்னார். ஆனா மதரைக் குத்தம் சொல்ல முடியாது, அது வந்த காலம் அப்படி."

"காலத்துக்கேத்த மாதிரி மாத்திக்க முடியாதா என்ன?"

"பாத்தேன் அத்தை. இதுக்குமேல அதுல ஒண்ணும் ஏறாது."

"அப்ப என்னதான் பண்றதா உத்தேசம்?"

"மதரை மாத்திட வேண்டியதுதான். புதுசு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். சூடாகாது, சத்தம் போடாது, எதைக் கொண்டுவந்தாலும் சப்போர்ட் பண்ணும்."

"பாத்தே வச்சாச்சா? அப்ப பழசு?"

"யாராவது கேட்டா குடுத்துடலாம். இல்லேன்னா பரண்ல போட்டுடலாம் அத்தை. மாமாகிட்ட சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சரின்னுட்டார்."

அவள் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்கிறாள் என நினைத்து, தாராளமாகத் தலையை ஆட்டினேன். எழுந்து உள்ளே போனவள் அன்றைக்கு மாப்பிள்ளையும் ரோகிணியும் மதுராந்தகத்துக்குக் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. வழி அனுப்பும்போது மாப்பிள்ளை "அத்தைக்கு உடம்பு சரியில்லையா மாமா?" என்று கேட்டார். பீட்சா ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். நான் நம்பியதும் அதுதான்.

அதற்கப்புறம் இவள் சம்பந்தியம்மாளுக்குப் போன் போட்டது தங்களுக்கே தெரியும். தாங்கள் அப்போது மண்டியில் இருந்தீர்களாம், கொடுத்துவைத்தவர். இவள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் கூடத்தில் இருந்து இரண்டு பக்கத்தையும் கேட்டேன். "உங்க பிள்ளை மதரை மாத்தணுங்கறார், பரண்ல போடணுங்கறார், இவரும் சரின்னுட்டாராம்" என்று இவள் குரல் உடைந்தது.  உடனே சம்பந்தியம்மாள், "மதர்னா அது நான்தான். நீங்க அவனுக்கு மாமியார்தானே" என்றார்கள். இவள் விடுவாளா? "என் வீட்டுல உக்காந்து, என் கையால அதிரசம் சாப்பிட்டுக்கிட்டே சொன்னார், என்னைத்தான் சொன்னார்" என்றாள். "பெத்தவ இருக்கும்போது உங்களை எதுக்குச் சொல்லணும்?" என்று அவர்கள். திட்டு தனக்குத்தான் வந்தது என்று இரண்டு பேர் உரிமை கொண்டாடி நான் இதுவரை கேட்டதில்லை. கடைசியில் இரண்டு பேரும் அழுதுவிட்டு, கிரகப்பிரவேசத்துக்கு வருவதில்லை என்பதில் மட்டும் ஒற்றுமையாகப் போனை வைத்தார்கள்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "நீங்கள் சொன்ன மதர் எந்த மதர்?" என்று கேட்பது ஒரு மாமனாருக்கு அழகா? கேட்கவில்லை. ரோகிணி, மேசைக்கு அடியில் போன தீபாவளிக்குப் பதில் கிடைக்காமல் யாருக்கும் மத்தியஸ்தம் செய்ய மாட்டேன் என்றுவிட்டாள். ஆகவே நானே உட்கார்ந்து யோசித்தேன். யோசித்ததும் விளங்கிவிட்டது. மதர் என்றால் மதர்போர்டு! வேறு என்னவாக இருக்க முடியும்? நேற்றுப் பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஞானம்பாளை அழைத்து, போர்டில் அச்சடித்திருந்த எழுத்தை டார்ச் அடித்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இதுக்குப் போய் யாரு மதர்னு பேர் வச்சது?"

"எல்லாத்தையும் தாங்கிக்கிட்டு இருக்கில்ல, அதனால வச்சான்."

"அப்ப சரியாத்தான் வச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் போர்டின் மேல் இருந்த தூசியைத் துடைக்கப் போனாள். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

மதரை மாற்றவும் வேண்டியதில்லை சம்பந்தி. ஊருக்குப் போகும்போது மாப்பிள்ளை, புதுப் போர்டு வரும்வரை சமாளிக்க ஒரு வழி சொல்லிவிட்டுப் போனார், அதன்படி நானே செய்து முடித்துவிட்டேன். ஃபர்ம்வேருக்குப் புது டிஸ்கைத்தான் தெரியாது, பென்டிரைவை நன்றாகத் தெரியும். ஒரு பென்டிரைவில் சின்னதாக ஒரு புரோகிராமைப் போட்டுப் பின்னால் செருகிவிட்டால், ஃபர்ம்வேர் அதை எழுப்பும், அது போய்ப் புது டிஸ்கை எழுப்பும். இப்போது நான் சுவிட்சைப் போட்டுவிட்டு நாற்காலியை இழுப்பதற்குள் கம்ப்யூட்டர் தயாராக நிற்கிறது. காபி குடிக்க நேரமே கிடைப்பதில்லை. பென்டிரைவை மட்டும் யாரும் பிடுங்கக் கூடாது. செங்கம்மாளிடம் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன். "அத்தப் புடுங்கி நான் இன்னா சார் பண்ணப்போறேன்" என்றாள்.

ஆக, பழைய மதரும் இருக்கிறது, புது வேகமும் இருக்கிறது. எல்லாம் தீர்ந்தது. ஞானம்பாள் இறங்கி வந்துவிட்டாள், "சம்பந்தியம்மா வந்தா நானும் வரேன்" என்கிறாள். மிச்சம் இருப்பது தங்கள் கையில். சம்பந்தியம்மாளை உட்கார வைத்து இதை முதலிலிருந்து படித்துக் காட்டுங்கள். தங்கள் பிள்ளை பெற்ற தாயைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை, சொன்னதெல்லாம் ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருக்கிற பலகையைப் பற்றித்தான் என்று நான் சத்தியம் செய்வதாகச் சொல்லுங்கள். வியாழக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து நின்று பால் பொங்குவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு மிகவும் ஆசையாக இருக்கிறது.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். மண்டியில் நெல் வரத்துத் தடையில்லாமல் இருக்கட்டும், விலையும் தங்கள் பக்கமே நிற்கட்டும்.

இப்படிக்குத் தங்கள் அன்பை என்றும் வேண்டும்,
நரசிம்மன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசையைத் தேடும்போது மாப்பிள்ளை போன் செய்தார். பென்டிரைவ் வேலை செய்கிறதா என்று விசாரித்தார். நான் பெருமையாக, எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிட்டதையும், அபிஷேக்கிடம் அவர் பேசியது மதர்போர்டைப் பற்றித்தான் என்று சத்தியம் செய்து கடிதமே எழுதிவிட்டதையும் சொன்னேன்.  "மாமா... அபிஷேக்குக்குக் கம்ப்யூட்டரே தெரியாது. அவன் ஃப்ளாட்டுக்கு மரவேலை பண்றவன். நான் எங்கம்மாவைத்தான் சொன்னேன்" என்றார்.

ஆகவே சம்பந்தியம்மாள் முதல் நாளே சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஞானம்பாளிடம் சொன்னேன். "அப்ப என்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையா?" என்று கேட்டாள், கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது போலிருக்கிறது.

ஆனால் பாதிப் பேச்சோடு அவள் படி இறங்கி வந்துவிட்டாள் சம்பந்தி. மீதியை மாப்பிள்ளை இப்போதுதான் என்னிடம் சொன்னார்: "புது வீட்டுக்குக் குடி வரவே மாட்டேங்குது மதர். அப்பாவையும் மண்டியையும் விட்டுட்டு வரமாட்டாங்க, அது தெரியும். எப்பவாவது வந்து தங்குவாங்க இல்ல, அதுக்கு ஒரு ரூம் வேணும்டா. மதருக்கு மூட்டு வலி, எழுந்திருக்கச் சுலபமா கட்டிலை உயரமா பண்ணு. சாமி அலமாரி அவங்க உக்காந்துகிட்டே கை நீட்டினா எட்டணும். அவங்க வந்து பால் காய்ச்சலேன்னா நான் அந்த வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்."  

எனவே இதற்கு மேலே எழுதியிருப்பது அத்தனையையும் கிழித்துப் போட்டுவிடவும். சத்தியத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சம்பந்தியம்மாளுக்கு இந்தப் பின்குறிப்பை மட்டும் படித்துக் காட்டுங்கள். கட்டில் வந்து இறங்கிவிட்டதாம். அவர்கள் வந்து உட்கார்ந்து, உயரம் போதுமா என்று சொன்னால்தான் ஆசாரி அபிஷேக் கட்டில் கால்களுக்கு ஆணி அடிப்பாராம்.